இளம் வயதில் இடுப்பு மூட்டுத் தேய்மானம்: தொட்டிலில் தொடங்கும் கோளாறை முப்பதில் கண்டுபிடிக்கிறோம்!



பள்ளிவாசலில் ஸஃபின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுபவர்களைப் பார்க்கிறோம். பெரும்பாலும் வயதானவர்கள். அவ்வப்போது அந்த நாற்காலியில் முப்பது, முப்பத்தைந்து வயது இளைஞர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். "என்ன தம்பி, இந்த வயசுலயே?" என்று கேட்டால், "இடுப்பு வலி பாய், டிஸ்க்கா இருக்கும்னு சொல்றாங்க" என்பார். மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை சட்டைப்பையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்தவராக இருந்தால், மருத்துவரிடம் போக நேரமில்லாமலே திரும்பிவிடுவார்.

இப்படிச் சொல்பவர்களில் சிலருக்கு இருப்பது டிஸ்க் பிரச்சினையே அல்ல. தொடை எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில், சிறு வயதிலிருந்தே வடிவக் கோளாறு இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாமல் இருபது, முப்பது ஆண்டுகள் மூட்டைத் தேய்த்துவிட்டு இப்போது வலியாக வெளிப்படுகிறது. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம், அல்லது பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கி என்று நம் மாவட்டத்தின் எந்த ஊரில் இருந்தாலும் ஒவ்வொரு பெற்றோரும் இதை அறிந்திருப்பது நல்லது.

"இடுப்பு" என்று எதைச் சொல்கிறோம்?

குழப்பம் நம் பேச்சிலேயே தொடங்குகிறது. கைலி கட்டும் இடத்தை இடுப்பு என்கிறோம். முதுகின் அடிப்பகுதியில் வலித்தாலும் இடுப்பு வலி என்கிறோம். பிரசவ வலியையும் இடுப்பு வலி என்றே சொல்கிறோம். ஆனால் மருத்துவர்கள் 'ஹிப் ஜாயின்ட்' என்று சொல்லும் இடுப்பு மூட்டு இவற்றில் எதிலும் இல்லை. அது தொடை இடுக்குக்கு உட்புறம், ஆழத்தில் இருக்கிறது.

அதனால் இந்த மூட்டில் கோளாறு வந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், அதாவது கவட்டைப் பகுதியில் தெரியும். சிலருக்குத் தொடையின் முன்பக்கம் வலிக்கும். இன்னும் சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். இடுப்பு மூட்டுக்கு வரும் நரம்புகளே முழங்காலுக்கும் கிளை விடுவதால் இப்படி ஏற்படுகிறது. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று திரும்பிய பிள்ளைகளுக்குப் பிறகு இடுப்பு மூட்டில் நோய் கண்டறியப்படுவது எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று.

வலி எங்கே என்று கேட்டால் இந்த மூட்டில் கோளாறு உள்ளவர் ஒரு விரலால் காட்டமாட்டார். கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் இருக்கும்படி, இடுப்பின் பக்கவாட்டைக் கையால் கவ்விப் பிடித்துக் காட்டுவார். இதை மருத்துவர்கள் ஓர் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். முதுகில் கை வைக்கிறாரா, தொடை இடுக்கில் கை வைக்கிறாரா என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஓர் உருண்டையும். கிண்ணம் இடுப்பெலும்பில் இருக்கிறது. உருண்டை தொடை எலும்பின் தலை. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, குழாய்க்குப் போடும் வாஷர் போல ஒரு மென்மையான வளையம் இருக்கிறது. இது 'லேப்ரம்' எனப்படுகிறது. உள்ளே இருக்கும் திரவத்தை வெளியே விடாமல் மூட்டை இறுக்கமாக வைத்திருப்பது இதுதான்.

சாதாரணமாக நடக்கும்போதே நம் உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் இந்த மூட்டில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ 200 கிலோ. கிண்ணமும் உருண்டையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருந்தால் அந்தப் பாரம் பரவலாக விழும். குருத்தெலும்பு எழுபது, எண்பது ஆண்டுகள் தாங்கும். பொருத்தம் தவறினால் அதே பாரம் ஒரு சிறிய இடத்தில் குவிந்து, அந்த இடம் முதலில் தேயும். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தது மீண்டும் பழையபடி வளராது.

இன்னொரு விஷயம். வெளிப்படையான காரணம் எதுவுமின்றி முதுமையில் வரும் இடுப்பு மூட்டுத் தேய்மானம் மேலை நாட்டவரை விட ஆசியர்களிடம் குறைவு. சீனாவின் பீஜிங் நகர முதியவர்களை அமெரிக்க வெள்ளையர்களோடு ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நம் நாட்டிலும் முழங்கால் தேய்மானமே அதிகம். ஆகவே இங்கே ஓர் இளைஞருக்கு இடுப்பு மூட்டு தேய்கிறது என்றால், பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும்.

வடிவம் கெடுவது எப்படி?

முக்கியமாக ஐந்து வழிகளைச் சொல்லலாம்.

1. ஆழமில்லாத கிண்ணம்: இதை 'டிஸ்பிளேசியா' என்பார்கள். பிறப்பிலேயே, அல்லது பிறந்த சில மாதங்களில், கிண்ணம் போதிய ஆழத்துக்கு வளர்வதில்லை. கடுமையாக இருந்தால் உருண்டை கிண்ணத்தை விட்டே விலகிவிடும். குழந்தை நடக்கும்போது தாங்கித் தாங்கி நடப்பது தெரியும். லேசாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. இருபது வயதுக்கு மேல்தான் வலி வரும். ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். தலைச்சன் குழந்தை, வயிற்றில் பிட்டம் கீழாக இருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கோளாறு இருந்த குழந்தை ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

2. பெர்த்தஸ் நோய்: பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் காரணம் தெரியாமல் தடைபடுகிறது. எலும்பு மென்மையாகி, உருண்டை தட்டையாகிவிடலாம். இந்தியாவின் தென்மேற்குக் கடலோரத்தில், குறிப்பாகக் கர்நாடகத்தின் உடுப்பி பகுதியில் இந்த நோய் அதிகம் இருப்பதை மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பெஞ்சமின் ஜோசப் 1980-களில் ஆய்வு செய்து வெளியிட்டார். எலும்பு சிதையத் தொடங்கும் முன்பே, ஆரம்பக் கட்டத்தில் சிகிச்சை செய்தால் உருண்டையின் வடிவத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அவர் குழுவின் பணி காட்டியது.

3. வளர்ச்சித் தட்டு நழுவுதல்: 10 முதல் 16 வயதுக்குள், குறிப்பாக எடை கூடிய பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை தன் கழுத்திலிருந்து மெல்ல நழுவுகிறது. ஐஸ்கிரீம் கூம்பின் மேலிருந்து சரிவதைப் போல. முழங்கால் வலி என்றே பிள்ளை சொல்லும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நடக்கும். இது அவசரமாகக் கவனிக்க வேண்டியது. உடனே திருகு போட்டு நிறுத்தினால் தப்பிக்கலாம். விட்டால் மூட்டின் வடிவமே மாறிவிடும்.

4. உருண்டையில் புடைப்பு: உருண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு வழக்கத்தை விடத் தடித்திருக்கும். எக்ஸ்ரேயில் பிஸ்டல் கைப்பிடி போலத் தெரியும். காலை மடக்கும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, லேப்ரத்தையும் குருத்தெலும்பையும் கிழிக்கிறது. இதை 'இம்பிஞ்ச்மென்ட்' என்கிறார்கள். "காரணம் தெரியாத தேய்மானம்" என்று அதுவரை சொல்லப்பட்டவற்றில் பல இதனால் வருபவை என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவினரும் 2003-இல் விளக்கினார்கள். எலும்பு வளரும் பருவத்தில் மிகக் கடுமையான விளையாட்டுப் பயிற்சி எடுப்பவர்களிடம் இது அதிகம். மாலையில் பிள்ளைகள் சாதாரணமாக விளையாடுவதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

5. இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போதல்: இதை 'ஏ.வி.என்.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது பிறவிக் கோளாறு அல்ல. ஆனால் இந்தியாவில் இளம் வயதினர் இடுப்பு மூட்டை மாற்றும் நிலைக்கு வருவதற்கு மிக முக்கியமான காரணம் இதுதான். அதிக அளவு ஸ்டீராய்டு மருந்து, மது, விபத்தில் ஏற்பட்ட எலும்பு முறிவு ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. சிலருக்குக் காரணம் தெரிவதில்லை. கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட சிலருக்குப் பின்னர் இது வந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே உடம்பு போடும் என்று ஊசி போடுவதும், மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை மாதக்கணக்கில் சாப்பிடுவதும் மிக ஆபத்தானவை. அதே சமயம் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தவும் கூடாது.

வடிவக் கோளாறு இருந்தால் தேய்மானம் நிச்சயமா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உருண்டையில் புடைப்பு இருக்கும் பலர் ஆயுள் முழுக்க வலியே இல்லாமல் வாழ்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் வலியும் சேர்ந்திருந்தால் கதை வேறு. நெதர்லாந்தில் மூட்டு வலி தொடங்கிய 45 முதல் 65 வயதினரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. புடைப்பு ஓரளவு இருந்தவர்களுக்கு, அந்த 5 ஆண்டுகளில் முற்றிய தேய்மானம் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. புடைப்பு பெரிதாக இருந்தவர்களுக்கு ஒன்பது மடங்குக்கும் மேல். ஆழமில்லாத கிண்ணம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். கிண்ணம் எந்த அளவுக்கு ஆழம் குறைந்ததோ அந்த அளவுக்கு விரைவில் தேய்கிறது. கிண்ணம் உருண்டையை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் ஒரு கோணமாக அளக்க, ஸ்வீடன் மருத்துவர் விபெர்க் 1939-லேயே வழி சொன்னார். 25 பாகைக்கு மேல் இருந்தால் இயல்பு, 20-க்குக் கீழ் என்றால் ஆழக் குறைவு என்று இன்றும் அதையே அளக்கிறார்கள்.

முதல் வாய்ப்பு: தொட்டில் பருவம்

கோளாறைப் பிடிக்க அல்லாஹ் நமக்கு மூன்று வாய்ப்புகளைத் தருகிறான் எனலாம். முதலாவது, குழந்தை பிறந்த முதல் ஆறு மாதம். இதில் செலவும் வேதனையும் மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

பிறந்த குழந்தையின் இரு தொடைகளையும் மடக்கி, மெல்ல விரித்துப் பார்த்தே மருத்துவர் மூட்டு விலகுகிறதா என்று கண்டுபிடிப்பார். இத்தாலி மருத்துவர் ஒர்டோலானி 1937-இல் சொன்ன பரிசோதனை இது. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். முதல் சில மாதங்களில் உருண்டை எலும்பாக மாறாமல் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. நான்கு, ஐந்து மாதங்களுக்குப் பிறகு எக்ஸ்ரே போதும்.

கோளாறு தெரிந்தால் 'பாவ்லிக் பெல்ட்' என்ற துணி வார் பட்டையைக் குழந்தைக்குப் போடுவார்கள். தவளை போலத் தொடைகள் மடங்கி விரிந்த நிலையில் இருக்கும். சில வாரங்கள் இப்படி இருந்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழமாக வளர்ந்துவிடும். கத்தி வேண்டாம். ஆறு மாதத்தைத் தாண்டினால் இந்தப் பட்டையின் பலன் குறையும். மயக்கம் கொடுத்து மூட்டைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட வேண்டிவரும். ஒன்றரை வயதைத் தாண்டினால் பெரும்பாலும் எலும்பை வெட்டிச் சரிசெய்யும் பெரிய ஆபரேஷன்தான்.

வீட்டில் தாய்மாரும் பாட்டிமாரும் கவனிக்க வேண்டியவை:

- டயபர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல விரியாமல் இறுகியிருக்கிறதா?
- குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால்களை மடக்கினால் ஒன்று மற்றதை விடத் தாழ்ந்திருக்கிறதா?
- தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லையா? (இது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், காட்டிக்கொள்ளுங்கள்.)
- ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா, அல்லது தாங்கி நடக்கிறதா?

குழந்தையைக் குளிப்பாட்டியதும் கால்களை நீட்டி இழுத்துவிடுவதும், துணியில் கால்கள் இரண்டையும் நேராக ஒட்டி இறுகச் சுற்றிவைப்பதும் வேண்டாம். "கால் வளையாம இருக்கணும்" என்று அன்பினால் செய்வதுதான். ஆனால் பிறந்த குழந்தையின் கால் மடங்கி விரிந்திருப்பதே அதன் இயல்பு; கிண்ணம் அந்த நிலையில்தான் சரியாக வளர்கிறது. ஜப்பானில் கைக்குழந்தையின் கால்களை நீட்டிச் சுற்றிக்கட்டும் வழக்கம் இருந்தது. அதைக் கைவிடும்படி 1970-களில் அங்கே பிரசாரம் நடந்தது. அதன் பிறகு இந்தக் கோளாறு பல மடங்கு குறைந்தது. சுற்றுவதானால் மார்பையும் கைகளையும் சுற்றுங்கள், கால்களைத் தளர விடுங்கள். கழுத்து நின்ற குழந்தையை நம் பெண்கள் இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்துத் தூக்குகிறார்களே, அது மூட்டுக்கு நல்லது.

குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் தடுப்பூசி போடப் போகிறோம். அப்போது கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ, "இடுப்பு மூட்டையும் ஒருதடவை பார்த்துடுங்கம்மா" என்று கேளுங்கள். பிட்டம் கீழாக இருந்து பிறந்த குழந்தை, குடும்பத்தில் இந்தக் கோளாறு உள்ள குழந்தை என்றால், கையால் பார்த்ததில் குறை தெரியாவிட்டாலும் ஆறு வாரத்தில் ஸ்கேன் எடுப்பது நல்லது.

இரண்டாவது வாய்ப்பு: பள்ளிப் பருவம்

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அதில் தேட வேண்டிய பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் இந்த இடுப்பு மூட்டுக் கோளாறும் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. கோளாறு தெரிந்தால் மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளில் கணிசமானோர் தனியார் மெட்ரிக் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் படிக்கிறார்கள். திட்டத்தின் பள்ளிப் பரிசோதனை அவர்களைக் குறிவைத்து அமைக்கப்பட்டதல்ல. இங்கே ஜமாஅத்துகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மக்தப் பிள்ளைகளை எலும்பு மருத்துவர் ஒருவர் நடக்கவைத்துப் பார்த்தாலே போதும். தாங்கி நடக்கும் பிள்ளையை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பெற்றோருக்கான விதி எளிது. வளரும் பிள்ளை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கி நடந்தாலோ, முழங்கால் வலி என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, "விளையாட்டுல அடிபட்டிருக்கும்" என்று விடாதீர்கள். முழங்காலோடு சேர்த்து இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு நடக்கவே முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். இரவில் வலி, எடை குறைவு, மாலைக் காய்ச்சல் என்றால் மூட்டுக் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாய்ப்பு: இருபதுகளும் முப்பதுகளும்

இதுவும் தவறினால் அடுத்து வலியே வந்து கதவைத் தட்டும். தொடக்கத்தில் அது இப்படித் தெரியலாம்:

- சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு முழங்கால் தாழாமல் உயர்ந்தே நிற்கும்.
- ஒளூ செய்யும்போது ஒரு காலை மட்டும் தூக்கிக் கழுவ முடியாமல் சிரமப்படுவார். நகம் வெட்ட, சாக்ஸ் போட அதே கால்தான் தகராறு செய்யும்.
- பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது கவட்டையில் சுருக்கென்று வலிக்கும்.
- காரில், பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகள் வலியோடு இருக்கும்.
- இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழும்போதும் ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போதும் பிடித்துக்கொள்ளும்.
- உள்ளே 'க்ளக்' என்ற சத்தத்தோடு வலி இருக்கும்.

இவற்றில் சில உங்களுக்கு இருந்து ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரு பக்க மூட்டுகளும் சேர்ந்து தெரியும் 'பெல்விஸ் எக்ஸ்ரே' ஒன்று முதலில் போதும். அதில் வடிவக் கோளாறா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் ஏ.வி.என். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். ஸ்டீராய்டு எடுத்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை என்ன?

புடைப்பு மட்டும் இருந்து தேய்மானம் இல்லையென்றால் முதலில் பிசியோதெரபி. பிட்டத்தையும் வயிற்றையும் சேர்ந்த தசைகளை வலுப்படுத்துவது, இடிக்கும் கோணத்தில் மடக்குவதைக் குறைப்பது, எடையைக் குறைப்பது. பலருக்கு இதுவே போதும். வலி தீராவிட்டால் சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்திப் புடைப்பைச் சீவி எடுக்கலாம். பிரிட்டனில் 348 நோயாளிகளை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபி செய்தவர்களும் முன்னேறினார்கள், துளை அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள்.

கிண்ணம் ஆழமில்லை என்றால், இடுப்பெலும்பில் கிண்ணத்தைச் சுற்றி வெட்டி, அதைத் திருப்பி உருண்டையை நன்றாக மூடும்படி வைத்துத் திருகு போடுகிறார்கள். இதையும் பெர்ன் நகரில் 1984-இல் கான்ஸ் தொடங்கினார். பெரிய ஆபரேஷன்தான், பழகிய நிபுணர் வேண்டும். ஆனால் சொந்த மூட்டைக் காப்பாற்றுகிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. குருத்தெலும்பு மிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும். முற்றித் தேய்ந்த பிறகு இதனால் பயனில்லை. "முடிஞ்ச வரைக்கும் மாத்திரையில ஓட்டுவோம்" என்று ஐந்து ஆண்டுகள் கடத்துபவர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். அதோடு வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கடைசி வழி மூட்டு மாற்று. பிரிட்டனின் சார்ன்லி 1962-இல் வெற்றிகரமாகச் செய்து காட்டியதிலிருந்து இன்றுவரை மிக நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று இது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 31 வயதில், 2019 ஜனவரியில் தன் இடுப்பு மூட்டுக்கு உலோக உறை போட்டுக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சர்வதேசப் பட்டத்தை வென்றார். ஆகவே பயப்படத் தேவையில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 25 ஆண்டுகள் நீடிப்பவை ஏறத்தாழ 58 சதவீதம். 65 வயதில் மாற்றுபவருக்கு அது ஆயுளுக்கும் போதும். 28 வயதில் மாற்றுபவருக்கு இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம். அதனால்தான் சொந்த மூட்டை எவ்வளவு காலம் காப்பாற்ற முடியுமோ அவ்வளவு காலம் காப்பாற்ற வேண்டும் என்கிறோம்.

ஊன்றுகோல் வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வலிக்கும் காலின் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது மூட்டில் வலி என்றால் இடது கையில். மூட்டில் இறங்கும் பாரம் அப்போதுதான் குறையும்.

தொழுகையும் மூட்டும்

"ஸஜ்தா செய்து செய்துதான் மூட்டு தேய்கிறதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. வடிவம் கெட்ட மூட்டு அந்த அசைவுகளின்போது தன் வலியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு வகையில் ஐவேளைத் தொழுகை நமக்கு அன்றாட மூட்டுப் பரிசோதனை. நேற்றுவரை எளிதாக இருந்த அத்தஹிய்யாத் இருப்பு இன்று முடியவில்லை என்றால், உடல் ஏதோ சொல்கிறது.

முடியாதவர் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நின்று தொழ முடியாதவருக்கு உட்கார்ந்து தொழவும், அதுவும் முடியாதவருக்குப் படுத்துத் தொழவும் அதில் சலுகை இருக்கிறது. எந்த நிலையை நின்று செய்ய வேண்டும், எதை நாற்காலியில் செய்யலாம் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் தொழும் இளைஞரைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைப்பதை நாமும் விட்டுவிட வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் ஒருவருக்கு உள்ளே என்ன வேதனை என்று அல்லாஹ்வே அறிவான். அதே நேரம் அந்த இளைஞரும் நாற்காலி கிடைத்ததோடு நின்றுவிடாமல், மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை மறைக்காதீர்கள்

இந்தக் கோளாறு பெண்களுக்கே அதிகம். ஆனால் அதிகம் மறைக்கப்படுவதும் பெண்களிடம்தான். "கொஞ்சம் தாங்கி நடக்கிறாள், வெளியே சொன்னால் வரன் அமையாது" என்ற பயத்தில் வயதுக்கு வந்த பெண்ணை மருத்துவரிடமே காட்டாத குடும்பங்கள் உண்டு. திருமணமாகி, முதல் பிள்ளை பிறந்து, எடை கூடி, குழந்தையைத் தூக்கும் காலத்தில் வலி தாங்க முடியாமல் போகிறது. அப்போது அது மாமியார் வீட்டில் குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகிறது.

இருபது வயதில் காட்டியிருந்தால் சொந்த மூட்டைக் காப்பாற்றியிருக்கலாம். இடுப்பு மூட்டு ஆழக் குறைவு கருத்தரிப்பதற்குத் தடையல்ல. இதற்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களும் பிள்ளை பெறுகிறார்கள். சுகப்பிரசவமா, சிசேரியனா என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். தாய்க்கு இருந்தால் அவள் குழந்தைக்கு ஆறு வாரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குறையை மறைத்து நடக்கும் நிக்காஹை விட, சொல்லிச் சிகிச்சை எடுத்து நடக்கும் நிக்காஹில் நிம்மதி அதிகம்.

எங்கே போவது? செலவு?

நம் மாவட்டத்தில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2017 முதல் இயங்குகிறது. முதல் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அங்கேயே முடிந்துவிடும். கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு அதில் பழகிய நிபுணர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் இதில் அடக்கம். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றை முன்பே தயாராக வைத்திருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுப்பில் வரும் இரண்டு மாதத்தில் வீட்டு வேலை, கல்யாணம், விருந்து என்று நாள் ஓடிவிடும். வந்த முதல் வாரத்திலேயே ஒரு காலைப் பொழுதை எக்ஸ்ரேக்கு ஒதுக்குங்கள். முடிவைப் பார்த்துச் சிகிச்சை தொடங்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் டயபர் மாற்றும்போது இரு தொடைகளும் ஒன்றுபோல விரிகின்றனவா என்று பாருங்கள். கவட்டை வலியோடு மாத்திரையில் நாளை ஓட்டும் இளைஞர் இருந்தால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் பிள்ளைகள் முதுமை வரை தங்கள் கால்களில் உறுதியாக நின்று தொழும் பாக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

(இந்தக் கட்டுரை விழிப்புணர்வுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் நேரில் கேட்டு முடிவு செய்யவும்.)